அழிக்கக்கூடிய ஒரு கோடு

பென்சிலின் நடுவே ஓடும் கருங்குச்சிக்குத் தமிழில் நெடுங்காலமாக வழங்கிவரும் பெயர் காரீயம். பெயர் பிழையானது. கரிய நிறமுடைய ஈயமே காரீயம். பென்சிலுக்குள் ஈயம் அறவே கிடையாது. இப்பிழையில் நாம் மட்டும் தனித்து நிற்கவில்லை. ஆங்கிலேயரும் அதனை ஈயம் என்றே அழைத்தனர், இன்றும் அழைக்கின்றனர். அது ஈயமன்று, கரியின் ஒரு வடிவமே என்பதை 1779இல் ஷீலே என்னும் வேதியியலாளர் மெய்ப்பித்தார். பத்து ஆண்டுகள் கழித்து, 1789இல், வெர்னர் என்னும் ஜெர்மானியக் கனிமவியலாளர் அதற்குக் கிராஃபைட் என்று பெயர் சூட்டினார். எழுதுதல் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லின் அடியாகப் பிறந்த பெயர் அது. எழுதுகரி என்று நாம் தமிழில் சொல்லிக்கொண்டால் பொருளும் பொருந்தும், ஓசையும் பொருந்தும்.

தமிழ் பயின்று தமிழ் பயிற்றுவிப்போருக்குக் கனிமத்தோடு என்ன தொழில் என்று வாசகர் வினவக்கூடும். எழுதுகரிக்கு எழுதுவதைத் தவிர இன்னொரு தொழிலும் உண்டு என்பதைக் கண்ணாரக் கண்டவர்கள் நாங்கள். அந்த இரண்டாவது தொழிலைப் பற்றியதே இக்கட்டுரை.

எழுதுகரியின் ஒவ்வோர் அணுவும் தன்னருகே உள்ள மூன்று அணுக்களோடு கைகோத்து அறுகோண வலையாகப் படர்ந்திருக்கின்றது. அவ்வலைகள் சுவடியின் ஏடுகளைப் போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன. ஏடுகள் எளிதில் வழுக்கிப் பிரிவதனால் தாளில் ஒட்டி எழுத்தாகின்றன. ஒவ்வோர் அணுவிலும் நான்காவதாக எஞ்சும் எலெக்ட்ரான் எந்தக் கைப்பிடிக்கும் உட்படாமல் வலை நெடுகிலும் திரிகின்றது. அதனால் அதன்வழியே மின்சாரம் பாய்கின்றது. எழுதுவதும் மின்சாரத்தைக் கடத்துவதும் ஒரே அமைப்பின் இரு பயன்கள். 1795இல் பிரான்சு நாட்டின் கோந்தே என்பவர் எழுதுகரிப் பொடியோடு களிமண்ணைக் கலந்து சுட்டுப் பென்சில் குச்சி செய்யும் முறையைக் கண்டார். களிமண் மிகுந்தால் குச்சி கடினமாகும், கோடு வெளிறும். கரி மிகுந்தால் குச்சி மென்மையாகும், கோடு கறுக்கும். ஓவியர் கையாளும் 2பி, 4பி வகைப் பென்சில்கள் இவ்விரண்டாம் இனத்தவை. அவற்றால் அழுத்திப் போட்ட ஒரு கோடு, உண்மையில், மிக மெல்லிய ஒரு மின்கம்பி.

இந்த மின்கம்பியைக் கொண்டு கணிப்பொறிச் செயலியின் பூட்டைத் திறக்கலாம் என்னும் செய்தி 2000ஆம் ஆண்டின் பிற்பகுதியில் உலகெங்கும் கணினி ஆர்வலரிடையே பரவிற்று. செயலி என்றதும் இன்றைய இளையோர் கைப்பேசியில் இறக்கிக்கொள்ளும் மென்பொருளை நினைத்துவிடக்கூடும். நாங்கள் இங்கே குறிப்பது பழைய பொருளில்: கணிப்பொறியின் மூளை என வருணிக்கப்படும் புராசசரை.

அவ்வாண்டு ஜூன் திங்களில் ஏஎம்டி நிறுவனம் டூரான் என்னும் மலிவுச் செயலியையும், தண்டர்பேர்டு எனச் செல்லப்பெயர் பெற்ற அத்லான் செயலியையும் வெளியிட்டது. இரண்டும் 453 ஊசிக்கால்களோடு ஒரே வகைப் பொருத்துவாயில் அமர்பவை. பீங்கான் போன்ற சதுர வில்லை. நடுவே விரல்நகம் அளவினதாய்ச் சிலிக்கான். நான்கு மூலைகளிலும் ரப்பர்ப் பொட்டுகள். வில்லையின் மேற்பரப்பில் பொன்னிறப் புள்ளிகள் சிறுசிறு வரிசைகளாக நிற்கும். எதிரெதிராக நிற்கும் இரு புள்ளிகளை இணைப்பது ஒரு பாலம். பாலங்களின் ஒவ்வொரு வரிசைக்கும் ஓர் எண். அவற்றுள் எல்-1 என்னும் வரிசையே நம் கதையின் தலைமகள்.

செயலியின் வேகம் ஒரு பெருக்கல் கணக்கு. தாய்ப்பலகை ஓர் அடிப்படைத் தாளத்தைத் தருகின்றது. டூரானுக்கு அது நொடிக்குப் பத்துக் கோடித் துடிப்பு, அதாவது 100 மெகாஹெர்ட்ஸ். செயலி அதனைத் தனக்கு விதிக்கப்பட்ட எண்ணால் பெருக்கிக்கொள்கின்றது. பெருக்கெண் 6 என்றால் 600 மெகாஹெர்ட்ஸ். அந்த 6ஐ 8 ஆக்கிக்கொள்ளுமாறு தாய்ப்பலகை சொல்ல முடியும். ஆனால் அச்சொல் செயலியைச் சென்றடையும் வழி எல்-1 பாலங்கள் நான்கின் ஊடாகச் செல்கின்றது. தொழிற்சாலையில் அப்பாலங்களை லேசர்க் கதிரால் அறுத்துவிட்டார்கள். தாய்ப்பலகை கூவினாலும் செயலியின் காதில் விழாது. பூட்டு என்பது இவ்வளவே. அறுந்த இடைவெளி ஒரு மயிரிழைக்குச் சற்றே மிகுதி. அதன்மேல் ஒரு பென்சில் கோடு போட்டால் பாலம் மீண்டும் இணைந்துவிடும்.

2001ஆம் ஆண்டில் நாங்கள் மூவர் திருவல்லிக்கேணி மேன்சன் ஒன்றில் ஒரே அறையில் குடியிருந்தோம். மேன்சன் வழக்கப்படி ஊர்ப்பெயரே எங்களுக்கு அழைப்புப் பெயர். திண்டுக்கல்காரர் மின்னணுவியலில் பட்டயம் பெற்று வேலை தேடிக்கொண்டிருந்தார். திருவாரூர்க்காரர் பேஜ்மேக்கரில் நூல்களையும் ஆய்வேடுகளையும் பக்கம் அமைத்துத் தரும் தொழிலர். மூன்றாமவர் முதுகலைத் தமிழ் மாணவர், பகுதிநேர மெய்ப்புத் திருத்துநர். இன்று இதனை எழுதிக்கொண்டிருப்பவர். மூவரும் பணம் போட்டு, ரிச்சி தெருவில் கடை கடையாக ஏறி இறங்கி, உதிரிகளை வாங்கிக் கோத்த கணிப்பொறி ஒன்று அறையின் பாதியை அடைத்துக்கொண்டிருந்தது. மொத்தச் செலவு 28,000 ரூபாய். அதனுள் இருந்த செயலி டூரான் 600.

ஒருங்குறி பரவாத காலம். ஆய்வேட்டின் ஓர் இயல் ஓர் எழுத்துருவில் வரும், அடுத்த இயல் வேறோர் எழுத்துருவில் வரும். மாற்றி எழுதும் நிரலை ஓடவிட்டுவிட்டுத் தேநீர் குடித்துவிட்டு வரலாம். ஒரு முழு ஆய்வேட்டை அச்சுக்கோப்பாக்க ஏறத்தாழ ஒன்பது நிமிடம் பிடிக்கும். அன்றைய மாலைக்குள் கேட்டு நிற்கும் ஆய்வாளரின் முன்னிலையில் ஒன்பது நிமிடம் மிக நீண்டது. திண்டுக்கல்காரர் பென்சில் செய்தியை எங்கிருந்தோ கொண்டுவந்தபோது, திருவாரூர்க்காரர் முதலில் கேட்ட கேள்வி பொறியியலைப் பற்றியதன்று.

"போச்சுன்னா அடுத்த மாசம் நான் என்னத்த வச்சு வேலை பாக்குறது? வாடகைய யார் குடுப்பா?"

"போகாது மாப்ளே. போனா மூணு பேரும் பங்கு போட்டு வேற வாங்குவோம். உன் தலையில மட்டும் விழாது."

இந்த உடன்படிக்கை ஏற்பட்ட பின்னரே பென்சில் வெளியே வந்தது. அறுவை நிகழ்ந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில். மின்னிணைப்பைப் பிடுங்கி, விசிறியோடு கூடிய ஹீட்சிங்கை அதன் பிடிப்பிலிருந்து நெம்பி எடுத்தோம். அந்தப் பிடிப்பு மிக இறுக்கமானது. திருப்புளி வழுக்கினால் தாய்ப்பலகை கிழியும், ஹீட்சிங்க் சாய்ந்தால் சிலிக்கானின் மூலை உடையும். அக்காலத்தில் பென்சிலால் மாண்ட செயலிகளைவிட ஹீட்சிங்கைப் பொருத்தும்போது மூலை நொறுங்கி மாண்டவையே மிகுதி என்பது திண்டுக்கல்காரரின் கணிப்பு. செயலியை எடுத்து, ஊசிக்கால்கள் வளையாதபடி பஞ்சணை ஒன்றின்மேல் வைத்தோம். தபால்தலை சேகரிப்போர் வைத்திருக்கும் உருப்பெருக்கிக் கண்ணாடி பக்கத்து அறையிலிருந்து இரவலாக வந்தது. புதிதாகச் சீவிய 2பி பென்சிலின் முனையால் முதல் பாலத்தின் இரு புள்ளிகளுக்கிடையே முன்னும் பின்னுமாகப் பலமுறை ஓட்டினார். பீங்கான் வழுவழுப்பானதன்று, சற்றே சொரசொரப்பானது. கரி பிடித்துக்கொண்டது. நான்கு பாலங்களும் முடிந்தபின் ஒரு குண்டூசியால் கோடுகளுக்கு இடையே சிந்திய துகளைச் சுரண்டி நீக்கினார். அண்டைப் பாலங்கள் ஒன்றையொன்று தொட்டால் தாய்ப்பலகை சொல்வது ஒன்று, செயலி கேட்பது வேறொன்றாகிவிடும். பின்னர் மல்டிமீட்டரின் முனைகளை வைத்துப் பார்த்தார். அறுபட்டுக் கிடந்த இடத்தில் முள் அசைந்தது.

மெய்ப்புத் திருத்துவோருக்கு இதில் வியப்பேதுமில்லை. பிரிந்து கிடக்கும் சொற்களைச் சேர்க்க ஒரு வளைகோடு போடுகின்றோம். அச்சுக்கோப்பவர் அதனைக் கண்டு சேர்த்துவிடுகின்றார். அன்று எங்கள் கண்ணுக்குத் தெரிந்தது அத்தகைய ஒரு சேர்க்கைக் குறியே. மெய்ப்பில் வேறொருவர் பார்த்துச் சேர்க்க வேண்டும். இங்கே கோடே சேர்ப்பாகிவிட்டது.

தாய்ப்பலகையில் இருந்த சிறு விசைகளைத் தள்ளிப் பெருக்கெண்ணை 9 ஆக்கினோம். திரையில் 900 என்று தோன்றிற்று, கைதட்டினோம். ஆய்வேட்டின் நாற்பதாவது பக்கத்தில் திரை உறைந்தது. மின்னழுத்தத்தைச் சிறிது கூட்டிப் பார்த்தோம். எழுபதாவது பக்கம்வரை சென்றது. ஏப்ரல் மாதத்து மேன்சன் அறை, குளிர்சாதனம் இல்லாதது, அதற்குமேல் இடம் கொடுக்கவில்லை. 8 என்ற எண்ணில் நிறுத்தினோம். 800 மெகாஹெர்ட்ஸில் அது ஒரு முழுநாள் ஓய்வின்றி உழைத்தது. ஒன்பது நிமிடம் ஏழு நிமிடத்திற்குச் சற்று மேலாகக் குறைந்தது. வன்தட்டு பழைய வேகத்திலேயே சுழன்றுகொண்டிருந்ததால் கணக்குப்படி கிடைக்க வேண்டிய ஆதாயம் முழுவதும் கிடைக்கவில்லை. கிடைத்ததே போதுமானதாக இருந்தது.

நண்பர்களிடம் இக்கதையைச் சொல்லும்போதெல்லாம் ஒரு கேள்வி எழும்: அந்த 200 மெகாஹெர்ட்ஸ் எங்கிருந்து வந்தது? பென்சில் கொண்டுவந்ததா, முன்பே உள்ளே கிடந்ததா?

உள்ளே கிடந்ததுதான். ஒரே வார்ப்பில், ஒரே சிலிக்கான் தகட்டில் நூற்றுக்கணக்கான செயலிகள் பிறக்கின்றன. ஒவ்வொன்றையும் சோதித்து இது 600, இது 700, இது 800 என்று தரம் பிரிக்கின்றனர். தொழில்நுட்பம் முதிர முதிர மிகுவேகத்தைத் தாங்குபவையே பெரும்பான்மையாகப் பிறக்கும். சந்தையோ மலிவான 600ஐயே மிகுதியாகக் கேட்கும். அப்போது 800ஐத் தாங்கக்கூடிய செயலியின் தலையிலும் 600 என்று பொறித்து அனுப்பிவிடுவர். வாங்குவோர் பணப்பையின் கனமும் அந்தப் பொறிப்பில் கலந்திருக்கின்றது.

ஆசிரியத் தொழிலில் இருப்போருக்கு இங்கே ஓர் உவமை வாய்க்குள் வந்து நிற்கும். மாணவரின் நெற்றியிலும் இப்படித்தானே ஓர் எண்ணைப் பொறித்து அனுப்புகின்றோம், ஒரு பென்சில் கோடு போட்டால் அவரும் பறந்துவிடமாட்டாரா என்று. வகுப்பறையில் கைதட்டல் கிடைக்கும் உவமைதான். ஆயினும் நாங்கள் அதனைப் பயன்படுத்துவதில்லை; பாதிதான் பொருந்தும் என்பதே காரணம். செயலியின் மேல் உள்ள எண் அதன் தகுதிக்கு இடப்பட்ட எல்லை அன்று. அது ஓர் உறுதிமொழி. இந்த வேகத்தில், இந்த மின்னழுத்தத்தில், வெப்பம் இந்த அளவைத் தாண்டாதவரை இது பிழையின்றி இயங்கும் என்று செய்தவர் வாங்குபவருக்குக் கொடுக்கும் வாக்கு. 800இல் ஓடக்கூடும் என்பது வேறு. 800இல் ஓடும் என்று ஒருவர் பொறுப்பேற்பது வேறு. பென்சில் கோடு வேகத்தைக் கூட்டவில்லை. பொறுப்பை இடம் மாற்றிற்று. அதுவரை கலிபோர்னியாவில் தலைமையகம் கொண்ட ஒரு நிறுவனத்தின் தோளில் இருந்த பொறுப்பு, அந்த ஞாயிற்றுக்கிழமை முதல் திருவல்லிக்கேணியில் மூவர் தோளுக்கு வந்து சேர்ந்தது. திருவாரூர்க்காரரின் முதற்கேள்வி, அவர் அறிந்தோ அறியாமலோ, இதனைத்தான் தொட்டது.

பூட்டு ஏன் போட்டார்கள் என்ற கேள்விக்கும் விடை இங்கேயே இருக்கின்றது. விலையுயர்ந்த செயலியை மக்கள் வாங்க வேண்டும் என்ற வணிகக் கணக்கு அதில் இல்லை என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் இன்னொரு காரணமும் உண்மையானது. 1990களில் பல நாடுகளில் குறைந்த வேகச் செயலிகளை வாங்கி, மேலே இருந்த எண்ணைச் சுரண்டிக் கூடுதல் எண்ணைப் பொறித்து, கூடுதல் விலைக்கு விற்கும் கூட்டத்தார் இருந்தனர். வாங்கியவர் வீட்டுக்குக் கொண்டுபோவார், குளிர்காலத்தில் ஓடும், கோடையில் உறையும், வைதது செய்தவரை. இன்டெல் நிறுவனம் 1990களின் பிற்பகுதியில் பெருக்கெண்ணைச் செயலிக்குள்ளேயே பூட்டிவிட்டதற்கும், ஏஎம்டி பாலங்களை அறுத்ததற்கும் இந்தப் போலி எண் வணிகம் ஒரு காரணம்.

அப்படிப்பட்ட ஒரு பெட்டியை நாங்களே திறந்து பார்த்திருக்கின்றோம். 2002ஆம் ஆண்டின் கத்திரி வெயிலில், எங்கள் நண்பர் ஒருவரின் குடும்பம் மகளின் கல்லூரிப் படிப்புக்காக எங்கோ ஒரு கடையில் வாங்கிய கணிப்பொறி நாள்தோறும் பிற்பகலில் உறைந்துபோவதாகச் சொல்லி அழைத்தனர். விலைச்சீட்டில் டூரான் 900. திரையிலும் 900. திண்டுக்கல்காரர் ஹீட்சிங்கைக் கழற்றி, வெண்பசையைத் துடைத்துப் பார்த்தார். சிலிக்கானின் தலையில் 700 என்பதைக் காட்டும் குறியீடு. பக்கத்தில் எல்-1 பாலங்களின் மேல் நேர்த்தியான நான்கு கோடுகள். எங்கள் கோடுகளைவிட நேர்த்தி.

"யாரோ நல்லா தெரிஞ்சவன்தான்ணே பண்ணியிருக்கான்" என்றார் அந்தத் தந்தையிடம். அவர் கேட்டது ஒன்றே: "தப்பான சாமானா தம்பி?"

அக்கேள்விக்கு விடை சொல்ல எளிதாக இல்லை. சாமான் தவறானதன்று. கோடும் தவறானதன்று; அதே கோடு எங்கள் அறையிலும் இருந்தது. அதே கரி, அதே நான்கு பாலங்கள், அதே பெருக்கல். எங்கள் பெட்டியில் அதன் பெயர் விளையாட்டு. அந்தப் பெட்டியில் அதன் பெயர் மோசடி. இரண்டுக்கும் இடையே இருந்த வேறுபாடு பொருளில் இல்லை, அறிவில் இருந்தது. எங்கள் கோட்டை நாங்கள் அறிவோம். அவர் கோட்டை அவர் அறியார். செய்தவரின் உறுதிமொழியை யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அதன் இடத்தில் வேறு உறுதிமொழி எதையும் வைக்கவில்லை. திண்டுக்கல்காரர் பெருக்கெண்ணை 7 ஆக்கிக் கொடுத்தார். அதன்பின் அது உறையவில்லை. வித்தியாசப் பணத்தை அக்குடும்பம் கடையிலிருந்து பெற்றதா என்பது வேறு கதை, பெறவில்லை.

பூட்டுவோருக்கும் திறப்போருக்கும் இடையிலான ஆட்டம் அதற்குள் அடுத்த கட்டத்துக்குச் சென்றுவிட்டது. 2001 அக்டோபரில் வந்த அத்லான் எக்ஸ்பி செயலிகளில் பீங்கான் வில்லைக்கு மாற்றாக நெகிழி கலந்த வில்லை வந்தது. லேசர் அதில் வெறும் கீறலோடு நிற்காமல் பாலங்களுக்கிடையே பள்ளம் பறித்தது. பள்ளத்தின் அடியில் செம்புப் படலம் தெரியும். பென்சில் கரியோ வெள்ளியோ அதில் இறங்கினால் எல்லாம் ஒன்றோடொன்று இணைந்து குழம்பிவிடும். ஆர்வலர் அதற்கும் வழி கண்டனர். மின்சாரம் கடத்தாத உடனடிப் பசையால் முதலில் பள்ளத்தைத் தூர்த்தனர். காய்ந்தபின் மேற்பரப்பைச் சமன் செய்தனர். ஒவ்வொரு பாலத்துக்கும் இருபுறமும் ஒட்டுநாடா ஒட்டி, நடுவே வெள்ளித்துகள் கலந்த குழம்பால் கோடு தீட்டினர். மேலைநாடுகளில் காரின் பின்கண்ணாடியில் பனி உருக்கும் கம்பிகள் அறுந்தால் ஒட்டுவதற்காக விற்கும் குழம்பு அது. கடத்தாப் பொருளும் கடத்தும் பொருளும் ஒன்றன்மேல் ஒன்று. பொற்கொல்லர் வேலைக்கு ஒப்பான வேலை.

கடத்தாப் பொருள் மட்டுமே திறவுகோலான கதையும் உண்டு. 1998 ஆகஸ்டில் வந்த இன்டெல் செலரான் 300ஏ செயலியில் பெருக்கெண் 4.5 என்று உள்ளேயே பூட்டப்பட்டிருந்தது. அடிப்படைத் தாளம் 66 மெகாஹெர்ட்ஸ். அதன் விளிம்பில் உள்ள பி21 என்னும் ஒரே ஒரு தொடுமுனையை ஒட்டுநாடாவால் மறைத்துவிட்டால், பல தாய்ப்பலகைகள் தாளத்தை 100 என்று எடுத்துக்கொள்ளும். 300 மெகாஹெர்ட்ஸ் செயலி 450இல் ஓடும். பெருக்கெண்ணைத் தொட முடியாதபோது பெருக்கப்படும் எண்ணைத் தொட்டார்கள். ஓரிடத்தில் சேர்த்துத் திறந்தார்கள். ஓரிடத்தில் மறைத்துத் திறந்தார்கள்.

2003ஆம் ஆண்டின் பிற்பகுதியில் வெளிவந்த அத்லான் எக்ஸ்பி செயலிகளில் பெருக்கெண் பூட்டு மேற்பரப்பை விட்டு உள்ளே போய்விட்டது. பென்சிலுக்கும் வெள்ளிக்கும் அங்கே வேலையில்லை. பாலம் கட்டும் காலம் ஏறத்தாழ மூன்றாண்டுகளில் முடிந்தது.

2004இல் எங்கள் அறையும் கலைந்தது. திருவாரூர்க்காரர் ஊரில் சொந்தமாகக் கடை வைக்கப் புதிய கணிப்பொறி வாங்கியிருந்தார். திண்டுக்கல்காரருக்குப் பெங்களூரில் வேலை. மூன்றாமவருக்குக் கல்லூரி ஒன்றில் தற்காலிக விரிவுரையாளர் பணி. பழைய பெட்டியை விற்றுப் பங்கிடுவது என்று முடிவாயிற்று. வாங்க வந்தவர் கீழ்த்தளத்தில் தங்கியிருந்த இளநிலை மாணவர். தந்தை அனுப்பிய 7,000 ரூபாய் கையில். அவர் வருவதற்கு முன்னிரவு எங்களுக்குள் ஒரு வழக்கு நடந்தது.

திருவாரூர்க்காரரின் வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. "மூணு வருஷமா 800ல ஓடியிருக்கு. ஒரு நாள் நின்னதில்ல. 800னு சொல்றதுல என்ன பொய் இருக்கு? 600னு சொன்னாத்தான் பொய்." மூன்றாண்டு உழைப்பு ஒரு சான்று என்பதை மறுக்க முடியாது. செய்தவரின் சோதனை சில நிமிடங்களுக்குள் முடிந்திருக்கும். எங்கள் சோதனை ஆயிரம் நாள் நீண்டது.

திண்டுக்கல்காரர் சொன்ன விடை: "நமக்கு நின்னா நாம பாத்துக்குவோம்னுதான மாப்ளே போட்டோம். அந்தப் பையனுக்கு நின்னா யாரு பாப்பா? நீ திருவாரூர்ல இருப்ப, நான் பெங்களூர்ல இருப்பேன்."

வழக்கு அத்தோடு முடிந்தது. மறுநாள் அந்த மாணவரின் முன்னிலையிலேயே ஹீட்சிங்கைக் கழற்றினோம். மூன்றாண்டில் கோடு சற்றே மங்கியிருந்தது. இடையில் இருமுறை மறுபடி தீட்டியதும் உண்டு. உருப்பெருக்கியைக் கொடுத்து அவரைப் பார்க்கச் சொன்னோம். ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் திண்டுக்கல்காரர் நான்கு கோடுகளையும் துடைத்தார். செயலி பிறந்தபோது இருந்த நிலைக்குத் திரும்பிற்று. 600 என்று காட்டிய திரையைக் காண்பித்தபின் ஒரு 2பி பென்சிலையும் அவர் கையில் கொடுத்தார்.

"வேணும்னா நீயே போட்டுக்க தம்பி. எப்படின்னு சொல்லித்தரேன். வேணாம்னா விட்டுடு, இப்படியே நல்லா ஓடும்."

"நீங்க எத்தனைல வச்சிருந்தீங்கண்ணா?"

"எட்டுல. ஒன்பதுல வைக்காத."

அவர் போட்டாரா, விட்டாரா என்பது அவர் உரிமை. விலையில் ஐந்நூறு ரூபாய் குறைத்துக்கொண்டோம். ஆளுக்கு நூற்றைம்பதுக்குச் சற்று மேல் நட்டம்.

வெள்ளிக் குழம்பும் பசையும் பென்சிலைவிட உறுதியானவை என்பதில் ஐயமில்லை. அவை தேயா, மங்கா. ஆனால் துடைத்தால் போகக்கூடிய ஒரு பொருளால் அத்திறப்பு நிகழ்ந்தமையே எங்களுக்கு அன்று வாய்ப்பாயிற்று. வாங்கியபடியே திருப்பிக் கொடுக்க முடிந்தது.

இன்று நிலைமை வேறு. 2011 ஜனவரியில் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட செயலி வரிசையில், பெருக்கெண் திறந்தவற்றுக்குக் கே என்னும் எழுத்தைப் பெயரின் இறுதியில் சேர்த்துக் கூடுதல் விலை வைத்தது. அன்று பென்சிலால் போட்ட கோடு பெயரின் கடைசியில் ஓர் எழுத்தாகி விலைப்பட்டியலில் ஏறிவிட்டது. 2017இல் வந்த ஏஎம்டியின் ரைசன் மேசைக்கணினிச் செயலிகள் பூட்டின்றியே வந்தன. பின்னர் வந்தவற்றுள் சில விதிவிலக்குகள் உண்டு. கடத்தும் பொருளைப் பூசும் கலையும் அழிந்துவிடவில்லை. வரைகலை அட்டைகளில் மின்னோட்டத்தை அளக்கும் சிறு மின்தடைகளின்மேல் வெள்ளிக் குழம்பையோ திரவ உலோகத்தையோ பூசி, தான் உண்ணும் மின்சாரத்தை அட்டை குறைவாகக் கணக்கிடும்படி செய்கின்றனர். இங்கே கோடு ஏமாற்றுவது அட்டையை மட்டுமே. அந்த அட்டை கைமாறும் நாளில்தான் கேள்வி எழும்.

ஆயின் எங்கள் சிந்தனையை நெடுநாள் பற்றியிருப்பது வேறொரு நிகழ்ச்சி. 2010இல் இன்டெல் நிறுவனம் பென்டியம் ஜி6951 என்னும் செயலியை விற்றது. 50 டாலர் கொடுத்து ஓர் அட்டை வாங்கி, அதிலுள்ள எண்ணைக் கணிப்பொறியில் உள்ளிட்டால், செயலிக்குள் முன்பே இருந்து உறங்கிக்கொண்டிருந்த திறன்கள் சில விழித்துக்கொள்ளும். வாங்கிய பொருளுக்குள் இருக்கும் ஒன்றை அதே பொருளுக்கு உரியவர் மறுபடியும் வாங்க வேண்டும். கடும் எதிர்ப்பு எழுந்தது. 2011இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. திட்டம் போயிற்று, எண்ணம் போகவில்லை. கார்களிலும் அச்சுப்பொறிகளிலும் அதன் உறவினர்களைக் காண்கின்றோம்.

பூட்டே கூடாது என்பது எங்கள் கட்சியன்று. கத்திரி வெயிலில் உறைந்த அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல முடியாது. திறக்கவே கூடாது என்பதும் எங்கள் கட்சியன்று, நாங்களே திறந்தவர்கள். பூட்டியவரும் திறந்தவரும் தாம் செய்ததை உரியவருக்குச் சொல்லிவிட வேண்டும் என்ற அளவில்தான் எங்கள் வழக்கு நிற்கின்றது. எல்-1 பாலங்களின் அறுப்பை உருப்பெருக்கி வைத்திருந்த எவரும் பார்க்கலாம்; அதன்மேல் போட்ட கோட்டையும் பார்க்கலாம். பூட்டும் திறப்பும் ஒரே பரப்பில், ஒரே வெளிச்சத்தில் இருந்தன. இன்றைய பூட்டுகள் சிலிக்கானின் ஆழத்திலும் ஒப்பந்தத்தின் நாற்பதாம் பக்கத்திலும் இருக்கின்றன. அவற்றைத் திறக்க முடியவில்லை என்பதைவிட, அவை எங்கே போடப்பட்டிருக்கின்றன என்பதைப் பார்க்கவே முடியவில்லை என்பதுதான் எங்கள் குறை.